ரோஸ்லினுக்கு வேண்டிய கெட்ட பெயர்

அந்தத் தாளில் ரோஸ்லின் தங்கமான பிள்ளையாக இருந்தாள். வருகை தொண்ணூற்றெட்டு சதவீதம். ஒழுக்கம் நன்று. சக மாணவர்களோடு பழகும் விதம் நன்று. கடந்த மூன்று மாதத்தில் வகுப்பில் ஏதேனும் சம்பவம் நடந்ததா என்று கேட்டிருந்த கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதி, கீழே தலைமையாசிரியை விஜயராணி பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, பள்ளியின் வட்ட முத்திரையையும் குத்தியிருந்தார். அப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்குக் காசம்மாள் ஊருக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

அவளோ மூலக்குளத்தில் சிறப்புக் குழந்தைகளுக்காகப் புதிதாகத் திறந்திருந்த பயிற்சி மையத்தில், ராஜ்மோகன் என்பவரின் மேசைக்கு முன்னால், அந்தத் தங்கமான பிள்ளையை இரண்டு கையாலும் இடுப்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே வில்லியனூர் ரோட்டில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிருந்தது. அவ்வளவுதான். ரோஸ்லின் மேசை மேலிருந்த பேனாக்களைத் தட்டிவிட்டாள், ராஜ்மோகனின் தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாக வீசினாள், இப்போது தாயின் பிடிக்குள் முதுகை வளைத்து உச்சக் குரலில் கத்திக்கொண்டிருந்தாள். வயது எட்டு.

ராஜ்மோகனுக்குக் கோபம் வரவில்லை. பாட்டில் வீசும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தானே அவருக்குச் சம்பளம். கத்தல் அடங்கும்வரை காத்திருந்து, விஷயத்தை நிதானமாகச் சொன்னார். மையத்தில் இருபது பேருக்குத்தான் இடம். விண்ணப்பம் நூற்றைத் தாண்டிவிட்டது. வாரம் மூன்று நாள் பயிற்சி, பாகூர் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிவர வேன் உண்டு. வெள்ளிக்கிழமை கமிட்டி கூடும். பள்ளியில் சமாளிக்க முடியாத பிள்ளைகளுக்குத்தான் முதலில் இடம். இந்தப் பிள்ளையின் பள்ளியோ, ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறது.

“நான் கண்ணால பார்க்கறேம்மா. ஆனா கமிட்டி பேப்பரத்தான் பார்க்கும்” என்றார். “என்னிக்கு, எத்தினி மணிக்கு, இன்னா நடந்துச்சுன்னு ஸ்கூல்ல எழுதித் தரணும். வெள்ளிக்கிழம காலைல பத்து மணிக்குள்ள. வுட்டா அடுத்த வருஷந்தான்.”

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

திரும்பி வர இரண்டு பஸ். இரண்டாவது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனுஷி, பிள்ளைக்கு நாலு சாத்துச் சாத்தினால் சரியாகிவிடும் என்று இலவச வைத்தியம் சொன்னாள். காசம்மாள் அவளைப் பார்த்த பார்வையில் அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்தில் வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்த காசம்மாளுக்கு வயிறு எரிந்தது. விஜயராணி மேல் எரிந்ததைவிட அவளுக்குத் தன் மேலேயே அதிகம் எரிந்தது. ஏனென்றால் அந்த ஏட்டுச் சுரைக்காய்க்கு விதை போட்டவள் அவளேதான்.

போன ஜூனில் நடந்தது அது. பாகூர் ஏரியைத் தாண்டி உள்ளே இருக்கும் அந்த ஊரில் ஒரு சின்ன ஆரம்பப்பள்ளி. இரண்டு வகுப்பறை, ஒரு ஆபீஸ் ரூம், வராந்தாவில் மணிக்குப் பதிலாகத் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் அதை அடித்தால் ஏரிக்கரை வரை கேட்கும். அந்தச் சத்தம்தான் ரோஸ்லினுக்கு ஆகாது. அடித்த மாத்திரத்தில் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். மறித்தால் கடிப்பாள். பள்ளி திறந்த மூன்றாம் நாள் மறித்தவர் அரிகரன் வாத்தியார். மணிக்கட்டில் நான்கு பல் பதிந்தது. அதற்கு முன்பே பக்கத்து வீட்டு ஆண்டாளின் மகளுக்கும் ஒரு கடி கிடைத்திருந்தது. மணி அடிக்காமல் இருந்தால் போதும் டீச்சர், பிள்ளை அடங்கிவிடுவாள் என்று காசம்மாள் கெஞ்சியபோது விஜயராணி சிரித்தார். ஒரு பிள்ளைக்காக மணி அடிக்காமல் பள்ளிக்கூடம் நடத்த முடியுமா என்று கேட்டார்.

பிறகு குரலைத் தணித்து, ஒரு உபகாரம் செய்வதுபோலத்தான் அதைச் சொன்னார். பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள், வருகைப் பதிவேட்டில் நாங்கள் வந்ததாகப் போட்டுவிடுகிறோம், யூனிஃபார்ம், நோட்டு, சைக்கிள் வரும் வயதில் சைக்கிள், எல்லாம் தன்னால் வந்து சேரும். காசம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாள் கொல்லையிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காய் வேறு கொண்டுபோய்க் கொடுத்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, இவள் அதற்கு முருங்கைக்காயும் சேர்த்துக் கொடுத்தாள்.

பள்ளிக்கு ஏன் அவ்வளவு கருணை என்பது பிறகுதான் தெரிந்தது. மொத்தப் பிள்ளைகள் இருபது. ஒன்று குறைந்தாலும் பள்ளியை மூடிப் பாகூரோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. ரோஸ்லின் என்ற பிள்ளை பள்ளிக்கு வேண்டாம், ரோஸ்லின் என்ற பெயர் மட்டும் வேண்டும்.

எட்டு மாதம் அந்தப் பெயர் பள்ளிக்குப் போனது, பிள்ளை வீட்டில் கிடந்தது. சோப்பு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காசம்மாள் வேலையை விட்டாள். காலையில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் வீட்டைத் தாண்டிப் போகும்போது ரோஸ்லின் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர்கள் போய்விட்ட பிறகு தலையைக் கம்பியில் முட்டுவாள். பேச்சு இருபது சொல்லில் நின்றது. புருஷன் இன்னாசிமுத்து பெயிண்ட் வேலைக்குப் போய்வருகிறவன், பொறுமை அவன் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அவனும் ஒருநாள் கடி வாங்கியதிலிருந்து, கட்டிப் போடு என்பது தவிர வேறு யோசனை அவனிடமிருந்து வரவில்லை.

அப்பனைக் கடித்திருக்கிறாள், வாத்தியாரைக் கடித்திருக்கிறாள், ஆண்டாள் வீட்டு ஆட்டைக்கூட ஒருமுறை கடித்திருக்கிறாள். தாயை மட்டும் கடித்ததில்லை. எவ்வளவு வெறி ஏறினாலும் காசம்மாளின் கைக்கருகே வந்ததும் அந்த வாய் நின்றுவிடும். காசம்மாளுக்கு இந்த உலகத்தில் சொத்து என்று இருந்தது அது ஒன்றுதான்.

புதன்கிழமை காலை அவள் பள்ளிக்குப் போய் தாளை விஜயராணியின் மேசையில் வைத்தாள். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள் என்றாள்.

விஜயராணி தாளைத் தொடவே இல்லை. “வராத புள்ள எப்படிக் கடிக்கும், காசம்மா? வந்துச்சுன்னுதான் ரெஜிஸ்டர்ல இருக்குது. வந்து கடிச்சுதுன்னு எழுதினா ஏன் இத்தினி நாளா சொல்லலன்னு கேப்பாங்க. வர்லன்னு எழுதினா யார் கையெழுத்துப் போட்டதுன்னு கேப்பாங்க. நீயே சொல்லு, எத எழுதட்டும்?”

அந்தக் கணக்கில் ஓட்டை இல்லாததுதான் காசம்மாளுக்கு ஆத்திரமாக இருந்தது.

“அன்னிக்குத் தலைய ஆட்டுனவ நீதான்” என்றார் விஜயராணி. “நான் உனக்கு நல்லது செஞ்சேன். அத வெச்சே என் வேலைக்கு உலை வெக்கப் பாக்கற.”

ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையாது என்பதைப் படித்தவர்கள் எவ்வளவு நாசூக்காகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே காசம்மாள் எழுந்து வந்தாள். வராந்தாவில் நின்றிருந்த அரிகரன் வாத்தியார் ஏதோ சொல்ல வந்தவர்போல வாயைத் திறந்தார். ஆபீஸ் ரூமைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

செய்தி அவளுக்கு முன்னால் ஊருக்குள் வந்து சேர்ந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் ஆண்டாள் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னதற்கு யாரும் உட்காரவில்லை. காசம்மாள் மேலே எழுதிப் போடப் போகிறாளாம், பள்ளியை மூடப் போகிறார்களாம், அவள் ஒருத்தி பிள்ளைக்காகப் பத்தொன்பது பிள்ளைகள் தெருவில் நிற்க வேண்டுமாம். இப்படி ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள்.

“எங்க புள்ளைங்க மெயின் ரோட்ட தாண்டி பாகூர் போவணும்” என்றாள் ஆண்டாள். “லாரி அடிச்சிப் போட்டா உன் பொண்ணா வந்து தூக்கப் போறா? கடிக்கத்தான் தெரியும் அதுக்கு.”

“என் பொண்ணு பேர்லதான் உங்க ஸ்கூலு நிக்குது” என்றாள் காசம்மாள். “பேரு வேணும், அவ வேணாம். நல்லா இருக்குது உங்க நாயம்.”

அதற்கு மேல் பேச்சு வளர்ந்து, ஏழு வருஷத்துக்கு முந்தைய தண்ணீர்க் குழாய்ச் சண்டை வரைக்கும் போய் வந்தது. இன்னாசிமுத்து வேலை முடிந்து வந்தவன், ஊரைப் பகைத்துக்கொண்டு எங்கே போய்க் குடியிருக்கப் போகிறாய் என்று பெண்டாட்டியைத்தான் திட்டினான். வந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. கலைந்து போனார்கள். காசம்மாள் சோற்றைப் பிசைந்து ரோஸ்லினுக்கு ஊட்டினாள். தலைக்கு மேல் போன வெள்ளம், சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன. அலமாரியைத் திறந்து, ஜூலையில் வந்த யூனிஃபார்மைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து பிரித்தாள்.

வியாழக்கிழமை எட்டே முக்காலுக்குப் பள்ளி கேட்டில் நின்றாள். ரோஸ்லின் மடிப்புக் கலையாத யூனிஃபார்மில் நின்றாள், முழங்காலுக்கு மேல் குட்டையாகிவிட்டது அது. விஜயராணி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, என்ன இது என்று கேட்டார்.

“ரெஜிஸ்டர்ல தெனம் வர்றா இல்ல டீச்சர்” என்றாள் காசம்மாள். “இன்னிக்கும் வந்துட்டா.”

பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு எதிரே சாலையோரம் கொட்டிக் கிடந்த ஜல்லிக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணக்கு எளியது. ஒன்பது மணிக்கு மணி அடிக்கும். ரோஸ்லின் நடத்துகிற கச்சேரியை அவர்களே கண்ணால் பார்ப்பார்கள். தேதி, நேரம், சம்பவம் எல்லாம் புத்தம் புதிதாகக் கிடைக்கும். ரெஜிஸ்டரும் பொய்யாகாது, தாளும் பொய்யாகாது. பெற்ற பிள்ளையைப் பகடைக்காயாக வைத்து ஆடுகிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. வேறு காய் அவளிடம் இல்லை.

ஒன்பது ஆயிற்று. மணி அடிக்கவில்லை. விஜயராணி வராந்தாவுக்கு வந்து, கொக்கியில் மாட்டியிருந்த இரும்புக் கம்பியை எடுத்து ஆபீஸ் ரூமுக்குள் கொண்டுபோய் வைத்தார். போகிற போக்கில் கேட் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிள்ளைகளைக் கையசைத்தே வரிசையில் நிற்க வைத்தார்கள், கையசைத்தே உள்ளே அனுப்பினார்கள். காசம்மாளுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

பத்து ஆனது, பதினொன்று ஆனது. உள்ளேயிருந்து வாய்ப்பாடு சொல்லும் சத்தம்தான் வந்தது. பெற்ற பிள்ளை கத்த வேண்டும், எதையாவது உடைக்க வேண்டும் என்று ஆரோக்கிய மாதாவிடம் வேண்டிக்கொண்ட தாய் இந்தப் பூமியில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். மாதா செவி சாய்க்கவில்லை. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு வேன் வந்தது. காசம்மாள் பொறுக்க மாட்டாமல் சுற்றுச்சுவர் ஓரமாகப் போய் எட்டிப் பார்த்தாள்.

ரோஸ்லின் சுவரோரமாகக் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். அரிகரன் வாத்தியார் அவளுக்கு உடைந்த சாக்பீஸ் துண்டுகள் நிறைந்த ஒரு டப்பாவைக் கொடுத்திருந்தார். அவள் அவற்றை ஒரே அளவாக உடைத்துத் தரையில் அடுக்கியிருந்தாள். தட்டில் சோறு, பாதி முட்டை. பக்கத்தில் ஆண்டாளின் மகள், முன்பு கடி வாங்கியவள், தன் முட்டையைப் பிய்த்துத் தின்றுகொண்டு அந்தச் சாக்பீஸ் வரிசையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றார்கள்.

காசம்மாளுக்கு அழுகை வந்தது. சந்தோஷம் பாதி, ஆங்காரம் பாதி. ஒரு கம்பியை எடுத்து உள்ளே வைத்தால் போதும், எட்டு மாதமும் பிள்ளை இப்படி உட்கார்ந்து சோறு தின்றிருப்பாள். கெஞ்சிக் கேட்டபோது முடியாமல் போனது, ஒரு தாயைத் தோற்கடிக்க வேண்டும் என்றதும் ஒரே காலையில் முடிந்துவிட்டது.

இரண்டு மணிக்கு மேல் விஜயராணி கேட்டுக்கு வந்தார். முகத்தில் வெற்றி மலர்ந்திருந்தது. “பாத்தியா? நான் எழுதுனதுல இன்னா பொய்யி?”

காசம்மாள் எழுந்தாள். சண்டை போடவில்லை. ஜூன் மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கையைக் கூப்பினாள்.

“நாளைக்கும் மணி அடிக்காம இருப்பீங்களா டீச்சர்? அப்படின்னா எனக்கு லெட்டரும் வாணாம், சென்டரும் வாணாம். தெனம் கொணாந்து வுடறேன். இதே மாதிரி ஒரு ஓரமா இருந்துட்டு வரட்டும்.”

விஜயராணியின் முகத்திலிருந்த சிரிப்பு போனது. அவர் கெட்டவர் இல்லை. இரண்டு வகுப்பறையில் ஐந்து வகுப்பு நடத்துகிறவர், ஓய்வு பெற நான்கு வருஷம் இருக்கிறது, மேலே எவனுக்காவது பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியவர். ஆனால் அதற்காகக் காசம்மாள் அவரை மன்னிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

“இன்னிக்கு ஒரு நாள்தான்” என்றார் விஜயராணி. “நாளைலேர்ந்து வூட்லயே வெச்சுக்க. அட்டெண்டன்ஸ் போட்டுடறேன்.”

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். காசம்மாள் குனிந்து ஜல்லிக் குவியலிலிருந்து கைக்கு அடங்குகிற ஒரு கருங்கல்லை எடுத்தாள். கேட்டைத் தள்ளிக்கொண்டு விஜயராணியைத் தாண்டி வராந்தாவில் ஏறினாள். தண்டவாளத் துண்டு வகுப்பறை வாசலுக்கு நேராகத் தொங்கியது. அங்கிருந்து ரோஸ்லின் தெரிந்தாள். அவளும் தாயைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்து, ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

காசம்மாள் அடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. ஏரிக்கரை வரை கேட்டிருக்கும்.

சாக்பீஸ் டப்பா பறந்தது. ரோஸ்லினின் கத்தல் மணிச் சத்தத்தையும் மீறி எழுந்தது. தட்டு, ஸ்லேட்டு, ஆசிரியர் நாற்காலி என்று கைக்கு வந்ததெல்லாம் விழுந்தது. பிள்ளைகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டன. வாசலை நோக்கி ஓடிவந்தவளை விஜயராணிதான் மறித்தார், பிள்ளை ரோட்டுக்கு ஓடிவிடுமே என்ற பதற்றத்தில்தான் மறித்தார். இடது உள்ளங்கையில் பல் இறங்கியது. ரத்தம் வந்தது. காசம்மாள் அதைப் பார்த்துவிட்டுத்தான் கல்லைக் கீழே போட்டாள், பிறகுதான் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள்.

கால் மணி நேரம் கழித்து ஆபீஸ் ரூமில் விஜயராணி இடது கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நீயெல்லாம் பொம்பளையா? பேய்” என்றார்.

“எழுதுங்க டீச்சர்” என்றாள் காசம்மாள். “வியாழக்கிழம, ரெண்டு இருபது.”

எழுதினார். கோபத்தில் எழுத்து அந்தப் புதுப் படிவத்தைக் கிழிக்கப் பார்த்தது. தலைமையாசிரியையைக் கடித்தாள், பொருட்களை உடைத்தாள், மற்ற பிள்ளைகளுக்கு ஆபத்தானவள். இந்த வார்த்தைகளையெல்லாம் ஊர் சொன்னபோது காசம்மாள் ஒவ்வொன்றுக்கும் சண்டைக்குப் போனவள். இன்று தலையைச் சாய்த்து ஒவ்வொரு வரியாகப் பார்த்து, கட்டுப்படுத்த முடியவில்லை என்பதையும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தார். சம்பவத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று ஒரு கட்டம் இருந்தது. விஜயராணி பேனாவை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ‘மணி அடித்தது’ என்று எழுதினார். யார் அடித்தது என்று அந்தப் படிவத்தில் கேட்கவில்லை. சாட்சிக் கையெழுத்தை அரிகரன் வாத்தியார் போட்டார், யார் முகத்தையும் பார்க்காமல்.

வீட்டுக்கு நடக்கும்போது ரோஸ்லின் அழவில்லை, கத்தவும் இல்லை. இரண்டடி தள்ளியே நடந்தாள். லாரி ஒன்று வர, காசம்மாள் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். ரோஸ்லின் நின்றாள். தாயின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவள் கையை எடுத்து, அவசரப்படாமல், கட்டைவிரலுக்குக் கீழே கடித்தாள். காசம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை தானாக விடுகிறவரை நின்றாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு ராஜ்மோகன் தாளை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். இது போதும் என்றார். உள்ளே கமிட்டிக்குக் கொண்டுபோய் அரை மணி நேரத்தில் வெளியே வந்து, இடம் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை வேன் வரும் என்றார். இங்கே மணி அடிப்பீர்களா என்று காசம்மாள் கேட்டாள். இல்லை என்றார் அவர்.

பதிவுத் தாளை நிரப்பும்போதுதான் அவள் கைக்கட்டு அவர் கண்ணில் பட்டது. வீட்டில் யாரையெல்லாம் கடிக்கிறாள் என்று கேட்டார். அப்பனை என்றாள். ராஜ்மோகன் அவள் கைக்கட்டைப் பேனாவால் சுட்டி, இதையும் எழுதிக்கொள்ளவா என்றார்.

காசம்மாள் மகளைப் பார்த்தாள். ரோஸ்லின் அறையின் அந்தக் கோடியில், தாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாரோ கொடுத்த மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அத மட்டும் எழுதாதீங்க சார்” என்றாள். “அது நாயமான கடி.”

ராஜ்மோகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாய் என்றிருந்த கட்டத்தை வெறுமையாக விட்டு முத்திரையைக் குத்தினார்.